எந்த ட்ரான்ஸ்ஃபர் கட்டுப்படியாகும்?

டீ-சர்ட் பிரிண்டிங் செய்கிறவர்களே, ட்ரான்ஸ்ஃபர் (ஷீட்டில் அச்சிட்டு அல்லது வெட்டி, சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டும் படம்) வாங்கும்போது ஷீட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சட்டை முடிந்து கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

ஒரே டிசைன், ஒன்றிரண்டு நிறம், நூற்றுக்கணக்கில் ஆர்டர் என்றால் பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த மை) ட்ரான்ஸ்ஃபர்தான் என் தேர்வு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஸ்கிரீன் (மையை இறக்கும் அச்சு வலை) தயாரிக்கும் செலவு உண்டு. ஆனால் எண்ணிக்கை கூடக்கூட அது பிரிந்து கரைந்துவிடும். பத்துப் பதினைந்து சட்டை, போட்டோ மாதிரி படம் என்றால் டிடிஎஃப், அதாவது படத்தை ஃபிலிமில் அச்சிட்டுத் துணியில் அழுத்தும் முறை. நிறம் எத்தனை இருந்தாலும் ஸ்கிரீன் செலவு கிடையாது. பெரும்பாலும் ஷீட்டின் பரப்புக்குத்தான் காசு. அதனால் பெரிய படத்துக்கு இடையில் கிடைக்கும் இடங்களில் நெஞ்சு லோகோ, கழுத்து லேபிள் எல்லாவற்றையும் நுழைத்துவிடுங்கள். சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தைத் துணி இழைக்குள் ஏற்றும் முறை) மலிவுதான், ஆனால் வெளிர் நிற பாலியஸ்டருக்கு மட்டும். வெறும் பருத்தியில் நிற்காது.

பலர் கணக்கில் சேர்க்காதது வேலை நேரம். வினைலை, அதாவது நிறமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டை, டிசைன்படி வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை உரித்தெடுக்க வேண்டும். பெயர், எண் என்றால் சரி. நுணுக்கமான டிசைன் என்றால் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். டிடிஎஃபிலும் ஆறவைத்து உரிக்கும் ஃபிலிமைவிட சூட்டோடு உரிப்பது பெரிய ஆர்டரில் நிறைய நேரம் மிச்சமாக்கும்.

அப்புறம், புது சப்ளையர் என்றால் முதலில் சாம்பிள் வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்தும் துணியிலேயே அழுத்தி, பலமுறை துவைத்து, இழுத்துப் பாருங்கள். வெடிப்பதும் ஓரம் தூக்குவதும் அப்போதே தெரிந்துவிடும்.