ஒரு கை ஏறுகிறது, மறு கை பாதியில் நிற்கிறது

ஓவர்ஹெட் பிரஸில், அதாவது எடைக் கம்பியை (பார்) தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில், பார் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முதலில் பிடியைப் பாருங்கள். பாரில் உள்ள வளையக் குறியிலிருந்து இரண்டு கையும் ஒரே தூரத்தில் இருக்கிறதா? அது சரியாக இருந்தும் சாய்ந்தால்தான் தோளைச் சந்தேகப்பட வேண்டும்.

சோதிக்கத் தரை போதும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் இருந்தால் இன்னும் வசதி. கற்கள் சேரும் கோட்டுக்கு நேராகப் படுக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடிமுதுகைத் தரையோடு ஒட்டவையுங்கள். முழங்கை மடங்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். எந்தக் கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முதுகு வளைந்து எழும்பினால் அந்த அளவு செல்லாது.

அடுத்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று அதையே செய்யுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். படுத்திருக்கையில் கடைசிப் பகுதியில் கையின் எடையே கையைத் தரைக்கு இழுத்துக்கொடுக்கும். நிற்கையில் தசைதான் தூக்க வேண்டும். படுத்திருக்கையில் தரையைத் தொடும் கை சுவரைத் தொடவில்லையென்றால் குறை இறுக்கத்தில் இல்லை, பலத்தில். அந்தக் கையை எவ்வளவு இழுத்து நீட்டினாலும் பயனில்லை. அதற்குப் பதில் சுவரைப் பார்த்து நின்று, முன்கைகளைச் சுவரில் வைத்து மேலே நகர்த்தி, உச்சியில் கைகளைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி 2 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, 2 செட்.

படுத்தாலும் கை பாதியிலேயே நிற்கிறதா? அடிமுதுகை வளையவிட்டுப் பாருங்கள். அப்போது கை கூடுதலாகப் போனால் பெரும்பாலும் லாட்ஸ் (முதுகின் இரு பக்கத்துப் பெரிய தசைகள்) இறுக்கம். அதற்குத் திண்ணை நல்ல கருவி. முன்னால் மண்டியிட்டு, முழங்கைகளை விளிம்பில் ஊன்றி, மூச்சை விட்டபடி மார்பைக் கீழே இறக்குங்கள். 30 விநாடி, 3 முறை. முடித்த கையோடு லேசான டம்பெலைத் தூக்கிவிட வேண்டும். கிடைத்த அசைவைப் பயன்படுத்தாவிட்டால் தோள் பழையபடி இறுகிவிடும்.

இந்தப் பயிற்சிகள் செய்யும் காலத்தில் தலைக்கு மேல் பார் வேண்டாம். இரண்டு கையும் ஒரே கம்பியில் இருப்பதால் நல்ல கை முன்னே போய்விடும், இறுகிய பக்கத்துக்காக உடம்பு வளைந்துகொடுக்கும். ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கை டம்பெல் பிரஸ் செய்யுங்கள். இறுகிய கை முதலில். அது 8 முறை தூக்கினால் மற்றதும் 8தான், தெம்பு இருந்தாலும் சரி. கர்லாக்கட்டை சுற்றுகிறவர்கள் இருப்பதிலேயே லேசானதை எடுத்து மெதுவாகச் சுற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வேறொருவர் வெளிப்பக்கம் திருப்பும்போதும் அது நகர மறுத்து, இரவில் வலியும் இருந்தால் உறைதோளாக (மூட்டே இறுகிப்போகும் நோய்) இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கை மரத்துப்போனாலும் அப்படியே.

வித்தியாசம் இரண்டு விரல் அளவுக்குக் குறைந்து, வலியும் இல்லையென்றால் வெறும் பாருக்குத் திரும்பலாம். பின்னாலிருந்து போனில் படமெடுத்து, பார் சாயத் தொடங்கும் ரெப்பிலேயே (அந்த முறை தூக்கியதோடு) செட்டை முடித்துக்கொள்ளுங்கள்.