அம்மாவின் கணக்கு

2024 ஜூன் 3

அம்மா மே 28 அதிகாலையில் காலமானார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அண்ணனும் நானும் இன்று கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம். படிவத்தில் இறந்தவரின் தொழில் என்ன என்று கேட்கும் இடம் வந்தபோது, அண்ணன் சற்றும் யோசிக்காமல் ‘இல்லத்தரசி’ என்றார். ‘பீடித் தொழிலாளி’ என்று எழுதச் சொன்னேன். ஓய்வூதியம் வாங்கிய பிறகு அம்மாவைத் தொழிலாளி என்று எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். தொழிலாளியாக இல்லாதவருக்கு ஓய்வூதியம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். அலுவலர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே எழுதினார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் பேசவில்லை. அவருடைய மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை.

2024 ஜூன் 5

முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊர். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் பகுதி என்றாலும், சொந்த நிலம் இல்லாத எங்கள் அப்பாவுக்கு நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் மட்டுமே கூலி கிடைத்தது. மற்ற நாட்களில் அடுப்பு எரிந்தது அம்மாவின் பீடித் தட்டினால்தான். திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று கேட்பார்கள். அம்மாவைக் கேட்டபோது ஆச்சி ‘ஆயிரம்’ என்று சொன்னாராம். உண்மையில் எண்ணூறுதான் என்று அம்மா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்காகவே இரவு விளக்கில் சுற்றிப் பழகினாராம்.

ஆயிரம் பீடி என்பது என்ன என்பதை அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன். மத்தியப் பிரதேசம், ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் கோடையில் பறிக்கப்பட்ட இலையைப் பீடிக்கடையில் எடை போட்டு வாங்கி வர வேண்டும். முதல் நாள் இரவே நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பதப்படுத்த வேண்டும். தகட்டு அச்சை இலைமீது வைத்துக் கத்தரியால் ஒரே அளவாக வெட்டி, புகையிலைத் தூளைப் பரப்பி, விரல்களுக்கிடையே உருட்டி, முனையை மடித்து, நூலால் கட்ட வேண்டும். பிறகு இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு, ஆயிரத்துக்கு நாற்பது கட்டு. எட்டு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை குனிந்த தலை நிமிராமல் இருந்தால்தான் இது முடியும். மாலையில் கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லாதவை என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலையில் ஓட்டையும் கிழிசலுமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

இவ்வளவையும் திருநெல்வேலி வானொலியைக் கேட்டுக்கொண்டே செய்வார். அவருக்குத் தெரிந்த உலகச் செய்தி எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

2024 ஜூன் 13

நேற்று பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. அம்மாவுடன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுற்றிய பெண்களில் மூன்று பேர் தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அன்றைய கணக்கை அன்றே கடையில் கொடுத்தாக வேண்டும். துக்கத்துக்காகக் கடைக்காரர் ஒரு நாள் தள்ளித் தரமாட்டார். பின்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டும், அம்மாவின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டும், விரல்கள் நிற்காமல் அவர்கள் வேலை செய்தார்கள். சம்பந்தம் பேச வந்திருந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று அண்ணன் பின்கட்டுக் கதவைச் சாத்தினார். மதினி போய்த் திறந்து வைத்தார். மதினிமீது எனக்கு இருந்த மதிப்பு நேற்று கூடிவிட்டது.

வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அம்மா இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார், இன்னாருடைய மாமியார் என்று எழுதியிருந்தது. அப்பா, அண்ணன், என் கணவர் ஆகியோரின் பெயர்களும் வேலைகளும் பெரிய எழுத்தில் இருந்தன.

2024 ஜூன் 30

இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அடியில் துணி சுற்றி, வாங்கிய இலையும் கொடுத்த பீடியும் பதிவாகும் பீடிக் கம்பெனியின் பாஸ் புத்தகமும் வைப்பு நிதிக் காகிதங்களும் இருந்தன.

வீட்டுக்கு இலை வாங்கி வந்து சுற்றுகிற பெண்ணும் தொழிலாளிதான் என்று ஏற்றுக்கொண்டது 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அதை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1977-இல் வருங்கால வைப்பு நிதியும் பீடித் தொழிலுக்கு வந்தது. இந்த ஆண்டுகளை எல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாஸ் தன் பெயரில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் பலர் வேறொருத்தியின் பாஸில் பீடியை ஏற்றிக்கொண்டு, ‘கூலி கிடைத்தால் போதாதா’ என்று கேட்ட காலத்தில், அவர் கடை வாசலில் நின்று சண்டை போட்டுத் தன் பெயரை ஏற்றிக்கொண்டார். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்தவருக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வந்ததோ!

அந்தப் பாஸினால்தான் பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து எனக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வசூலித்த சிறு வரியிலிருந்து திரண்ட நிதி அது. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்த வரி நின்றுபோனது. நான் ஆசிரியையானதற்குக் காரணம் புகை பிடித்தவர்கள் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இல்லை. வகுப்பில் புகையிலையின் கேட்டைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல் இருக்கும். அம்மாவிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். ‘குடிக்கிறவன விடச் சொல்லு. நாங்க விட்டா, சோத்துக்கு என்ன வழின்னும் சேர்த்துச் சொல்லு’ என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

2024 ஜூலை 14

பேரப்பிள்ளைகளின் ஆச்சி வேறொரு பெண். எங்களிடம் காட்டாத பொறுமையை அம்மா அவர்களிடம் காட்டினார். அண்ணன் மகன் இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டது கட்டுகளை எண்ணித்தான். என் மகள் பெரியவளானபோது, தினம் காலையில் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, அவள் வாயை மூடிக்கொண்டாலும் விடாமல் ஊட்டினார். சனிக்கிழமைகளில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். ஆனால் பீடித் தட்டை மட்டும் பேத்திகள் தொட்டால் கையிலேயே அடிப்பார். எனக்கு ஏழு வயதிலேயே முனை மடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அவர்களுக்குக் கத்தரியைக்கூடக் கொடுக்கவில்லை.

கடைசிச் சில ஆண்டுகளில் ரேஷன் கடையிலும், ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் இடத்திலும் அவருடைய விரல் ரேகை எந்திரத்தில் பதியவே இல்லை. ரேகை அவ்வளவு தேய்ந்திருந்தது. ‘நான் உயிரோட இருக்கேன்னு இந்தப் பெட்டி நம்ப மாட்டேங்குது’ என்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் சிரிக்க வைத்தார். பிறகு கண்ணைப் படம் பிடித்துத்தான் சான்று வாங்கினோம்.

2024 ஆகஸ்டு 11

ஓய்வூதியம் தொடங்கிய பிறகும் அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் திட்டுவோம் என்பதால் பக்கத்து வீட்டு மதினியின் பாஸில் சுற்றிக் கொடுத்தார். ஒரு காலத்தில் எதை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அதே ஏற்பாடு. வாரக் கூலி வாங்கும்போது இருவரும் பிரித்துக்கொள்வார்கள்.

இன்று அந்த மதினி வந்தார்கள். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கை அண்ணனிடம் நீட்டினார்கள். கடைசி வாரம் அம்மா கொடுத்த பீடி எவ்வளவு, கடையில் கழித்தது எவ்வளவு, வெளியில் வாங்கிய இலைக்கு எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. கடைசியில், மதினியிடம் சித்திரையில் அம்மா வாங்கிய முன்பணம் இரண்டாயிரம். அதைக் கழித்ததில் அம்மாவே நானூற்றுச் சொச்சம் தர வேண்டியிருந்தது. கேட்க மனமில்லை என்றும், கேட்காமல் விட்டால் அவள் ஆவி என்னைச் சும்மா விடாது என்றும் மதினி சொன்னார்கள். அண்ணன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, முதலாம் ஆண்டு நினைவு விளம்பரத்தில் அம்மாவின் தொழிலையும் போட்டுவிடலாம் என்று என்னிடம் சொன்னார்.

சித்திரையில் இரண்டாயிரம் எதற்கு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. என் மகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்கும் பேருந்துக்கும் என்று கொடுத்து, ‘அம்மாட்ட சொல்லாத, ஓய்வூதியப் பணம்தான்’ என்று ஆச்சி சொன்னாராம்.