நினைவகம் இருந்தும் இடமில்லை: பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும்போது

மெய்நிகர் கணினி ஒன்றுக்கு 64 மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கி, அதில் பழைய இயக்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22-ஐ நிறுவி, 2 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு பழைய விளையாட்டைத் திறந்தால், போதிய நினைவகம் இல்லை என்ற செய்தியோடு அது நின்றுவிடுவது உண்டு. நினைவகத்தை 128 மெகாபைட்டாக உயர்த்தினாலும் அதே செய்திதான் வரும். அந்த விளையாட்டு கேட்பது நினைவகத்தின் அளவை அன்று. முதல் 640 கிலோபைட்டுக்குள் தனக்கென ஓர் இடத்தை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் இன்டெல் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகளே இருந்தமையால், அதனால் ஒரு மெகாபைட்டுக்கு மேல் எட்ட இயலவில்லை. அந்த ஒரு மெகாபைட்டிலும் மேற்பகுதியில் உள்ள 384 கிலோபைட்டைத் திரை அட்டைக்கும் ரோம் என்னும் மாறா நினைவகச் சில்லுகளுக்கும் ஐபிஎம் ஒதுக்கிவிட, நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட். பின்னாளில் வந்த செயலிகள் பல மெகாபைட்டுகளைக் கையாளும் திறன் பெற்ற பிறகும், டாஸும் அதன் கீழ் ஓடும் சாதாரண நிரல்களும் அந்த எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டன.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, மெம் கட்டளையை இட்டு அந்த 640-இல் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். டாஸின் கரு, மவுஸை இயங்கவைக்கும் சிறு நிரலான மவுஸ் இயக்கி, சிடி இயக்கி, அதனோடு சேர்ந்து வரும் எம்எஸ்சிடெக்ஸ், வட்டு வேகத்துக்கான ஸ்மார்ட்டிரைவ் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோபைட்டுக்கு மேல் எளிதில் போய்விடும். ஹைமெம் இயக்கியை ஏற்றி, டாஸின் தொடக்க அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் டாஸை ‘ஹை’ என்று குறித்தால், கருவின் பெரும்பகுதி முதல் மெகாபைட்டுக்குச் சற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற இயக்கிகளை ஈஎம்எம்386 என்னும் நினைவக இயக்கியின் உதவியோடு அந்த 384 கிலோபைட்டின் காலி இடங்களுக்கு ஏற்றிவிடலாம். இதைத் தானாகச் செய்துதர டாஸ் 6-இல் மெம்மேக்கர் வந்தது. ஆயினும் வேண்டாத இயக்கியை நீக்குவதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை என்பது என் கருத்து. சிடியே கேட்காத விளையாட்டுக்குச் சிடி இயக்கி எதற்கு?

சிக்கல் உண்மையில் தொடங்குவது ஈஎம்எம்386-இல்தான். 640 கிலோபைட்டுக்கு அப்பாலுள்ள நினைவகத்தைத் துண்டுதுண்டாக எட்ட உதவும் எக்ஸ்பேண்டட் நினைவகம் என்னும் ஈஎம்எஸ்ஸைக் கேட்கும் விளையாட்டுகளுக்கு அது தேவை. 1990-இல் வந்த விங் கமாண்டர் ஈஎம்எஸ் இல்லாமலும் ஓடும். ஆனால் விமானியின் கை கட்டுப்பாட்டுத் தண்டோடு அசைவதைக் காண அது வேண்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராமையால், குறை இருப்பதே தெரியாமல் அந்த விளையாட்டை முழுவதும் ஆடி முடித்துவிட முடியும். இதற்கு நேர்மாறாக, 1992-இல் வந்த அல்டிமா 7 தனக்கென ‘வூடூ’ என்றொரு நினைவக மேலாண்மையைக் கொண்டுவந்தது. ஈஎம்எம்386 செயலியை வேறொரு நிலையில் வைத்திருப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. எனவே எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும் ஒரே கான்ஃபிக் கோப்பைத் தேடுவது வீண் வேலை. டாஸ் 6 தரும் தொடக்கப் பட்டியலைப் பயன்படுத்தி, ஈஎம்எஸ் உள்ளது ஒன்றும் இல்லாதது ஒன்றுமாக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

இடம் அதிகமாவதாலேயே வரும் பிழையும் ஒன்று உண்டு. சுருக்கிக் கட்டப்பட்ட கோப்பு சிதைந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால், பலரும் கோப்பை மீண்டும் பதிவிறக்கிப் பார்ப்பார்கள். கோப்பில் பெரும்பாலும் பழுது இருக்காது. எக்ஸிபேக் என்னும் கருவியால் சுருக்கப்பட்ட நிரல்கள், முதல் 64 கிலோபைட்டுக்குள் ஏற்றப்பட்டால் விரியும்போது தடுமாறுகின்றன. டாஸின் கருவை மேலே அனுப்பியதால் அந்த அடித்தளம் காலியாகி, நிரல் அங்கே போய் அமர்ந்துவிடுகிறது. லோட்ஃபிக்ஸ் என்ற கட்டளையை முன்னால் இட்டு நிரலைத் தொடங்கினால், அது 64 கிலோபைட்டுக்கு மேலே ஏற்றப்படும். டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் மென்பொருளிலும் இக்கட்டளை உண்டு.

64-பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டுவதில்லை என்பதால் இன்று பெரும்பாலோர் டாஸ்பாக்ஸையே நாடுகிறார்கள். அது 630 கிலோபைட் அளவுக்கு இடத்தைத் தொடக்கத்திலேயே தந்துவிடுவதால் மேற்சொன்ன தொல்லைகளில் பாதி அங்கே இல்லை. அதன் 16 மெகாபைட் இயல்புநிலையைக் காரணமின்றி உயர்த்த வேண்டாம். சில விளையாட்டுகள் அதிக நினைவகத்தைக் கண்டு குழம்புகின்றன.

திரையில் வரும் குறைகள் வேறு வகையானவை. அன்றைய திரை அட்டைத் தரமான விஜிஏவின் 256 வண்ண நிலை 320க்கு 200 புள்ளிகள் கொண்டது. அன்றைய திரையோ 4:3. எனவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகத் தெரிந்தது, ஓவியர்களும் பெரும்பாலும் அதைக் கணக்கில் கொண்டே வரைந்தார்கள். இன்றைய திரையில் சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் நிலவு முட்டை வடிவில் படுத்துக்கிடக்கும். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரியை இயக்கினால் இது சரியாகும். முழுத்திரைக்கு மாறும்போது வெறும் கறுப்பு வந்தால், வெளியீட்டை ஓப்பன்ஜிஎல் என்றும் முழுத்திரை அளவை டெஸ்க்டாப் என்றும் மாற்றிப் பார்க்க வேண்டும். வெளியீட்டின் இயல்புநிலையான சர்ஃபேஸை அப்படியே விட்டுவிட்டு அளவை மட்டும் மாற்றினால், நடுவில் சிறு படமும் சுற்றிலும் கறுப்புமாகவே நிற்கும்.

1980-களின் சில விளையாட்டுகள் கறுப்பு வெள்ளையோடு நீலப்பச்சையும் ஊதாச்சிவப்புமாக மட்டும் தெரிவதும் பழுதன்று. சிஜிஏ என்னும் தொடக்ககாலத் திரை அட்டையைத் தொலைக்காட்சியோடு கலப்புச் சமிக்ஞையில் இணைத்தபோது அருகருகே இருந்த புள்ளிகள் கலந்து கூடுதல் வண்ணங்கள் உண்டாயின. 1984-இல் வெளிவந்த கிங்ஸ் குவெஸ்ட் போன்றவை அதையும் எதிர்பார்த்தே வரையப்பட்டன. டாஸ்பாக்ஸில் இயந்திர வகையைச் சிஜிஏ என்று மாற்றினால்தான் அவ்வண்ணங்களுக்கு வழி பிறக்கும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், பக்கவாட்டில் நகரும் காட்சி சற்றே தட்டித் தட்டிப் போவது தெரிந்தால், கணினியின் வேகத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. விஜிஏவின் அந்த 200 வரி நிலை நொடிக்கு 70 முறை திரையைப் புதுப்பித்தது. இன்றைய திரைகளில் பெரும்பாலானவை 60 முறை மட்டுமே புதுப்பிப்பதால் சில படச்சட்டங்கள் விடுபடுகின்றன. 70 ஹெர்ட்ஸுக்கு மாற்றக்கூடிய திரையோ, மாறும் புதுப்பிப்பு வேகம் கொண்ட திரையோ இருந்தால் இத்தடங்கல் நீங்கும். மற்றவற்றில் எந்த அமைப்பு வரியை மாற்றினாலும் அது முற்றிலும் போவதில்லை.