ஒன்பது துண்டு அப்பளம்

"எக்கா, ஒரே ஒரு அப்பளம் பொரிச்சுத் தாங்க."

கேட்டது, என் மகனுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண். கல்லிடைக்குறிச்சியில் அப்பளத்துக்கா பஞ்சம்? பொரித்துக் கொடுத்தேன். ஒன்பது துண்டாக ஒடித்து, தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மகனுக்கு முன்னால் அப்பளப் படம் ஒட்டிய சின்ன அட்டை.

அவனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. கேட்டது கிடைக்காவிட்டால் சுவரில் தலையை முட்டுவான்.

இன்றைக்கு முட்டவில்லை. முதல் மூன்று துண்டுக்கு அவன் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைத்தாள். நாலாவதுக்கு அவனே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "அப்பளம்!" என்று சொல்லி, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கொடுத்தாள்.

அவள் தெரபிஸ்ட் இல்லை. உதவியாளர். திருநெல்வேலியில் இருக்கும் மேடம்தான் திட்டம் போடுவார்; இவள் எழுதி வைக்கும் நோட்டைப் பார்த்து மாற்றுவார். வாரம் நாலு நாள் பாயில் உட்காருவது இவள். (மேடம் வராத மாதம் போன் போட்டுச் சண்டை பிடிப்பேன். மேற்பார்வை இல்லாவிட்டால் இது சரிவராது.)

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 2014 முதல் ஆர்பிடி (பதிவுபெற்ற நடத்தைப் பயிற்சி உதவியாளர்) என்று தனிச் சான்றிதழே உண்டு. 40 மணி நேரப் பயிற்சி, பரீட்சை, மேற்பார்வை கட்டாயம். எங்கள் தெருவில் அவள் பெயர் 'பையனைப் பாத்துக்கிற பிள்ளை'.

இவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பெல்லாம், முக்கால் மணி நேர வகுப்புக்கு அவனைக் கூட்டிப்போக பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும்.

துண்டுகள் தீர்ந்ததும் அடுப்படிக்கு வந்தான். கையில் அட்டை.

இறக்கி வைத்த எண்ணெய்ச் சட்டியை மறுபடியும் ஏற்றினேன்.