கடப்படியில் மூன்று ஸலாம்

1979இல் ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இஸ்லாம் பாடம் எடுத்தவர் மௌலவி சேர். பெயரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. என் வயதுக்காரருக்குக் கறுப்புக் குடை என்றாலே போதும், முகம் நினைவுக்கு வந்துவிடும்.

வாப்பா மௌத்தாகி (இறந்து) ஆறு மாதம். அறுவடைக் காலம். விடிந்ததும் வயல் வட்டைக்குப் போய்க் கதிர் பொறுக்குவேன். நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு, வேலி வாசலான கடப்படியில் ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது. கிடுகு இடுக்கால் பார்த்தேன். சேர். கடப்புக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

வெளியே வர உம்மாவிடம் இருந்தது ஒரே சேலை. அது தோய்த்துக் கொடியில் கிடந்தது. உடுத்திருந்தது கிழிசல். "சத்தம் போடாத மனே" என்று என் வாயைப் பொத்தினார். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடவும் மனமில்லை. உதடு மட்டும் அசைய "வஅலைக்கும் ஸலாம்" என்றார்.

மூன்றாம் ஸலாத்துக்கும் பதில் கேட்காததால் சேர் குடையை விரித்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் காலடியில்தான் என் செருப்பு கிடந்தது.

மறுநாள் நெஞ்சு படபடக்க வகுப்புக்குப் போனேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. விடுபட்ட பாடத்தை எழுதிக்கொள்ளத் தன் கொப்பியைத் தந்தார்.

சில கிழமை கழித்துக் குர்ஆனின் ஸூறா அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம், 28ஆம் வசனங்கள் பாடமாக வந்தன. அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதீர்கள். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள். அனுமதி கேட்கும்படி விதித்ததே பார்வைக்காகத்தான் என்ற நபிமொழியையும் சேர் சொன்னார். பிறகு நபித்தோழர் ஸஃத் பின் உபாதா (ரழி) அவர்களின் சம்பவம். நபி (ஸல்) அவர்கள் வாசலில் ஸலாம் சொல்ல, ஸலாம் என்ற அந்த துஆ (பிரார்த்தனை) இன்னும் கிடைக்கட்டும் என்று ஸஃத் மெல்லிய குரலில் பதில் சொன்னாராம். கேட்காததால் நபியவர்கள் திரும்பி நடக்க, ஸஃத் பின்னால் ஓடிப்போய் அழைத்து வந்தாராம். இதைச் சொல்லும்போது சேர் என் பக்கம் திரும்பவே இல்லை. உம்மாவின் உதடு அசைந்தது எனக்கு ஞாபகம் வந்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள், ஹயா என்ற நாணம் அதில் ஒன்று என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் வருகிறது. அந்த ஹயாவை இன்று பலர் பெண்பிள்ளைகளின் உடுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனவருத்தம். அதே ஸூறாவின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் சொல்வது ஆண்களுக்கு. அடுத்தவரின் இல்லாமை கண்ணில் படக்கூடாது என்று முகத்தைத் திருப்பி நின்றாரே, நான் படித்த ஹயா அதுதான்.

இன்னொரு நாள் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிரேதம் ஒன்று பறைச் சத்தத்தோடு பள்ளிக்கூட வாசலால் போனது. சேர் பாடத்தை நிறுத்தி எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம். ஒரு யூதரின் ஜனாஸாவுக்கு நபியவர்கள் எழுந்து நின்று, "அதுவும் ஓர் ஆன்மா அல்லவா?" என்று கேட்டதைப் பிறகுதான் சொன்னார்.

சேர் மௌத்தாகி மூன்று மாதம் கழித்தே எனக்கு லண்டனிலிருந்து ஊருக்குப் போகக் கிடைத்தது. அவருடைய மனைவி, கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். கடப்பு இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கேட். பக்கமாக ஒதுங்கி, ரோட்டைப் பார்த்து நின்று மூன்று முறை ஸலாம் சொன்னேன். பதில் கேட்கவில்லை. திரும்பி நாலு வளவு தாண்டியிருப்பேன், சின்னப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"உம்மும்மா பதில் சொன்னாவாம், உங்களுக்குக் கேக்கல்லையாம். யாரெண்டு கேட்டுட்டு வரட்டாம்."

"சேர்ட்ட படிச்ச புள்ள எண்டு சொல்லுங்க மகன்" என்றேன்.