ஒரு வாக்கியமும் 26 லட்சம் டாலரும்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், தொழிலாளர், சுகாதாரம், கல்வி ஆகிய மூன்று துறைகளுக்குமான ஆண்டுச் செலவை ஒரே நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் அடக்குகிறது. எந்தத் துறைக்கு எவ்வளவு என்பதைச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதுகின்றன. 'இந்த நிதியை இன்ன காரியத்துக்குச் செலவிடக் கூடாது' என்று அதே மசோதாவில் திருத்தங்களாக நுழையும் ஒற்றை வரிகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தனி மசோதாவாக வந்தால் நீண்ட விவாதத்தைச் சந்திக்க வேண்டிய ஒரு கொள்கை, துறைகள் முடங்காமல் இருக்க எப்படியும் நிறைவேற்றியாக வேண்டிய மசோதாவோடு சேர்ந்து சட்டமாகிவிடுகிறது என்பதே என் கவலை. கருக்கலைப்புக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டின் நிதி கிடைப்பதைப் பெரும்பாலும் தடுக்கும் ஹைட் திருத்தம் 1976 முதல் இவ்வழியில்தான் நிலைத்திருக்கிறது.

எனினும் என்னை அதிகம் உறுத்துவது 1996-இல் வந்த டிக்கி திருத்தம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நிகழும் அபாயம் சுமார் 2.7 மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் நடந்தது. துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமைக்காகக் குரல்கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் வெகுண்டு, அம்மையத்தின் காயத் தடுப்புப் பிரிவையே மூடவைக்க முயன்றது. அது கைகூடவில்லை. அதன் பிறகு, ஆர்கன்சா உறுப்பினர் ஜே டிக்கியின் முயற்சியால், காயத் தடுப்புக்கான நிதியில் எதையும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ பயன்படுத்தக் கூடாது என்ற வாக்கியம் மசோதாவில் சேர்ந்தது.

ஆய்வே கூடாது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி ஆய்வுக்கு அதற்கு முந்தைய ஆண்டில் செலவான 26 லட்சம் டாலரை, ஒரு டாலர்கூடப் பிசகாமல், காங்கிரஸ் மூளைக்காய ஆய்வுக்கு மாற்றியது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஓர் அதிகாரிக்குத் தேவையில்லை. எந்தக் கண்டுபிடிப்பு 'ஆதரவு' என்று கருதப்படும் என்பதற்கு வரையறை இல்லாத நிலையில், மையம் அந்தத் துறையிலிருந்தே ஏறக்குறைய ஒதுங்கிக்கொண்டது. நிதி இல்லாத துறைக்கு இளம் ஆய்வாளர்கள் வரத் தயங்கினார்கள். 2011-இன் இறுதியில் இதே கட்டுப்பாடு, அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசியச் சுகாதாரக் கழகங்களுக்கும் விரிந்தது.

2012-இல் கொலராடோவின் அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், டிக்கியே, தாம் முன்பு எதிர்த்த காயத் தடுப்புப் பிரிவின் முன்னாள் தலைவர் மார்க் ரோசன்பர்க்குடன் இணைந்து, ஆய்வு தேவை என்று வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். கார்களைத் தடைசெய்யாமலேயே சாலை மரணங்களை ஆய்வு குறைத்ததை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். எவ்வளவு நியாயமான வாதம்! எதிரெதிர் அணிகளில் நின்ற இருவர் அதைச் சேர்ந்து சொன்ன பிறகும் காங்கிரஸ் அசையப் பல ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்குத் தடையில்லை என்ற விளக்கம் 2018-இல்தான் வந்தது. 2020 நிதியாண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கி, சிடிசிக்கும் தேசியச் சுகாதாரக் கழகங்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தச் சட்டத்திலும் டிக்கியின் வாக்கியம் நீக்கப்படவில்லை.