பத்து நிமிடத் தூரத்தில் ஒரு துறவி

வீட்டை விட்டுப் போகும் துறவி எவ்வளவு தூரம் போவார்? காடு, மலை, ஆள் அரவமில்லாத குகை என்றுதான் மனம் போகும். சுவிட்சர்லாந்தின் காவல் புனிதர் நிக்லாவுஸ் ஃபொன் ஃப்ளூயே போன தூரம், சொந்த வீட்டு வாசலில் இருந்து பள்ளத்துக்குள் இறங்கும் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை நடந்து பார்க்காமல் அவரைப் புரியாது என்பது போய் வந்த பிறகுதான் தெரிந்தது.

லுட்சேர்னில் இத்தனை வருடம் இருந்தும் நான் அங்கே போனதில்லை. இங்குள்ள தமிழர்களுக்கு யாத்திரை என்றால் மரியஸ்டைன், இல்லாவிட்டால் ஐன்சிடெல்ன். மாதா இருக்கும் இடம் இருக்க வேறெங்கே போவது? யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த அம்மா இரண்டையும் பார்த்து முடித்து, "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டதால்தான் போன ஜூனில் ஒப்வால்டன் மாநிலத்தின் சாக்செல்ன் ஊருக்கு ரயில் ஏறினோம். அரை மணி நேரப் பயணம். சார்னென் ஏரி ஜன்னலோடு கூடவே வந்தது. சாக்செல்னில் இறங்கி, போஸ்ட் பஸ்ஸில் ஃப்ளூயெலிக்கு. பாறை மேல் ஒரு சிற்றாலயம், சில வீடுகள், மேயும் மாடுகள், அவ்வளவுதான் ஃப்ளூயெலி.

இங்கேதான் அவர் 1417இல் பிறந்தார். பிறந்த வீடும் நிற்கிறது, கல்யாணம் செய்து வாழ்ந்த வீடும் நிற்கிறது, இரண்டும் மரவீடுகள். விவசாயி; போருக்குப் போனவர்; ஊர்ச் சபை உறுப்பினர், நீதிபதி. எழுதப் படிக்கத் தெரியாது. மாநிலத் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். மனைவி டொரொத்தேயா. பத்துப் பிள்ளைகள்.

"பத்தோ?" என்று அம்மா நின்றுவிட்டார். "கடைக்குட்டிக்கு அப்ப எத்தினை வயசு?"

"மூண்டு மாசம் சொச்சம் அம்மா."

"அந்த மனிசி என்ன செய்தவா, பாவம்?"

இறங்கும் வழி முழுக்க அம்மாவுக்கு அந்தக் கேள்விதான். துறவிகளின் கதையில் மனைவி முதல் அத்தியாயத்தோடு காணாமல் போய்விடுவாள். இங்கே அப்படியில்லை. அவள் சம்மதம் கிடைக்கும்வரை அவர் புறப்படவில்லை. தமக்குக் கிடைத்த பெரிய வரங்களுள் ஒன்றாக மனைவி மக்களின் சம்மதத்தைத்தான் சொல்வாராம். 1984இல் போப் இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்தபோது டொரொத்தேயாவையும் நினைவுகூர்ந்தார். ஐந்நூறு வருடம் கழித்து!

1467 அக்டோபர் 16ஆம் தேதி, ஐம்பது வயதில், தூரதேசம் போகத்தான் கிளம்பினார். பாசல் பக்கம் லீஸ்டால் வரை போனவருக்கு அந்த ஊரே தீப்பிடித்தது போலச் சிவப்பாகத் தெரிந்ததாம். வழியில் கண்ட குடியானவர் ஒருவர், திரும்பிப் போய் உன் சொந்த சனத்தோடு இருந்து கடவுளுக்கு ஊழியம் செய் என்று சொல்லி அனுப்பினாராம். பயணக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. திரும்பி வந்தார், ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. மெல்க்கா ஆறு ஓடும் ரான்ஃப்ட் பள்ளத்தில் தங்கிவிட்டார்.

பாதை செங்குத்து. அம்மாவின் முழங்கால் வலிக்கு நான் பயந்தேன்; அவர் என் தோளைப் பிடித்தபடி செபமாலையை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கீழே இரண்டு சிற்றாலயங்கள். மேலுள்ளதை ஒட்டி அவருடைய அறை. 1468இல் ஊர்க்காரர்களே கட்டிக் கொடுத்தது. அதே ஊர்க்காரர்கள்தான், "ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறாராமே, உண்மையா?" என்று ஆள் போட்டுச் சுற்றிக் காவலும் வைத்தார்கள். பூசையில் பெறும் நற்கருணை அப்பம் தவிர வேறு உணவில்லாமல் இருபது ஆண்டுகள் இருந்தார் என்பது மரபு. 1469இல் ஆலயத்தை அபிஷேகம் செய்ய வந்த துணை ஆயரும் அவரை விடவில்லை. அப்பமும் திராட்சை ரசமும் சாப்பிடச் சொல்லிச் சோதித்தார். நம்பவும் செய்தார்கள், சோதிக்கவும் செய்தார்கள். ஊர் என்றால் ஊர்தானே.

அறை வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். இங்கே யாரும் கழற்றுவதில்லை. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் நானும் கழற்றினேன். குனிந்துதான் போகவேண்டும்; உள்ளேயும் நிமிர முடியாது. வெறும் மரப்பலகை. தலைக்கு வைத்துப் படுத்த கல் ஒன்று. ஒரு சின்ன ஜன்னல் ஆலயத்துப் பீடத்தைப் பார்க்கிறது, இன்னொன்று வெளியே. வெளியே பார்க்கும் ஜன்னலுக்குத்தான் மனைவி மக்களும், ஆலோசனை கேட்கும் தூதுவர்களும் வந்தார்கள். 1481இல் ஸ்டான்ஸ் ஊரில் கூடிய சுவிஸ் மாநிலங்கள் மோதிப் பிரியும் நிலையில், பாதிரியார் ஹைமோ அம் குருண்ட் இரவோடிரவாக இங்கே ஓடிவந்து அவருடைய சொல்லைக் கொண்டுபோனார். டிசம்பர் 22ஆம் தேதி உடன்பாடு ஆனது. ஃப்ரிபூர்க்கும் சோலோதூர்னும் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தன. அவர் சொல்லி அனுப்பியது என்ன என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

அம்மா கல்லைத் தொடவில்லை. வெளி ஜன்னலின் கட்டையைத்தான் தடவிப் பார்த்தார்.

ஏறி வந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு 1997ஐப் பற்றிச் சொன்னார். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு நாள். இடிமழையில் மலையோடைகள் கல்லும் மரமும் சேறுமாகச் சாக்செல்ன் நடுவே இறங்கின. அதற்கு ஆறு வாரம் முன்புதான் இதே சாக்செல்னின் மாக்சன் நிறுவனத்து மோட்டார்களோடு நாசாவின் ஊர்தி செவ்வாயில் இறங்கியிருந்தது. செவ்வாய்க்கு மோட்டார் அனுப்பிய ஊர், சொந்தத் தெருவில் சேறு வாரிக்கொண்டிருந்தது. ஊர்க் காரியங்களைக் கூட்டம் கூடிக் கைதூக்கித் தீர்மானிக்கும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. மாநிலம் முழுவதும் திறந்தவெளியில் கூடும் லாண்ட்ஸ்கெமைண்டதான் 1998இல் நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

சாக்செல்ன் பங்குக் கோவிலில் கறுப்புப் பளிங்குத் தூண்கள். 1487 மார்ச் 21 அன்று இறந்தவரின் எலும்புகள் இங்கேதான். 1947இல்தான் புனிதர் பட்டம். சனம் அதற்கு வெகுகாலம் முன்பே "புரூடர் கிளாவுஸ்", கிளாவுஸ் சகோதரன், என்று உறவாக்கிக்கொண்டது. செப்டம்பர் 25 அவருடைய திருநாள்; ஒப்வால்டனுக்கே விடுமுறை.

அவர் உடுத்திய அங்கி கண்ணாடிக்குள் இருக்கிறது. பழுப்பேறிய முரட்டுத் துணி. நெய்து கொடுத்தது டொரொத்தேயா என்பது ஊர் வழக்கு. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், அம்மா கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர்.

"தம்பி, இஞ்ச வா," என்றார். "இந்த ஓரத்தைப் பார். கோவத்தோட தைச்ச மாதிரித் தெரியேல்ல."